ரெண்டு லீவரும் கொஞ்சம் சவுக்காரத் தண்ணியும்

நம்ம ஊர்ல பைக் ஓடத் தெரியாத பொடியனைத் தேடிப் பிடிக்கிறது கஷ்டம். அதே பைக்கின் பின் சில்லைக் கழற்றி, டயரை ரிம்மிலிருந்து எடுத்து, டியூபுக்குப் பெச் போட்டு, திரும்பப் பூட்டத் தெரிஞ்ச பொடியனைத் தேடிப் பிடிக்கிறது அதைவிடக் கஷ்டம். மருதமுனையில இருந்து பொத்துவில் வரைக்கும் இதுதான் நிலைமை. சைலன்சர் மாத்தவும் ஸ்டிக்கர் ஒட்டவும் நமக்கு நேரம் இருக்கு. காத்துப் போனா மட்டும் போனை எடுத்து, "மச்சான், எங்கடா நிக்கிறாய்?" எண்டு கேக்கிறதைத் தவிர வேற ஒண்டும் தெரியாது.

இது சின்ன விசயம்தானே எண்டு சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. வீட்டு வளவில் வைத்து ஒரு டயரைக் கழற்றப் பழகுவது நம்ம தலைமுறைக்கு அவசியமான ஒரு படிப்பு என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

முதலில் நம்ம பூமியைப் பார்ப்போம். நம்மில் பாதிப் பேரின் பிழைப்பு வட்டையில் இருக்கிறது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளுக்குள் போற வாய்க்கால் கட்டுகளில் முள்ளும் கல்லும்தான் ரோட்டு. அங்க காத்துப் போனா, பஞ்சர் கடை இருக்கிற இடத்துக்கு மைல் கணக்கில் பைக்கை உருட்ட வேணும். பொழுது பட்டா யானைப் பயம் வேற. ஒலுவில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுக்கு யானைகள் கூட்டமா வந்து போறது நமக்குப் புதினமில்லை. ஏ4 வீதியில் கோமாரி தாண்டிப் பொத்துவில் போற பக்கமும் கடை இல்லாத வெறும் வெளிகள் இருக்கு. ஊருக்குள்ளேயே எண்டாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், நோன்பு காலத்தில் இஃப்தார் நேரம், பெருநாள் காலை, இந்த நேரமெல்லாம் எந்தக் கடையும் திறந்திருக்காது. ஆணிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

ரெண்டாவது, நாம கடந்து வந்த காலம். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு திரும்பத் திறக்க 2025 ஆகிவிட்டது. இடையில் 2022 வந்தது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொடப் பார்த்தது. ஷெட் வாசலில் இரவு பகலாகக் கிடந்தோம். பிறகு கியூஆர் வந்தது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். அந்தக் காலத்தில் டயரும் டியூபும் விற்ற விலையை மறந்தவர் யாருமில்லை. புது பைக் கனவை மடித்து வைத்துவிட்டு, வாப்பா ஓடின பழைய பைக்கையே இழுத்தோம். இருக்கிறதை வைத்து ஓட்டுகிற நாட்டில், இருக்கிறதைப் பழுது பார்க்கத் தெரியாமல் இருப்பது பெரிய செலவு.

இனி வேலைக்கு வருவோம். ஏனென்றால் "பழகுங்க" எண்டு சொல்லிப் போட்டு எப்படி என்று சொல்லாத கட்டுரையால பிரயோசனமில்லை.

தேவையானவை: ஆக்சில் நட்டுக்குப் பொருந்துகிற ஸ்பேனர் ரெண்டு (பைக்குக்குப் பைக் அளவு மாறும், உங்கட பைக்குக்குப் பார்த்து வாங்குங்க), குறடு ஒன்று, டயர் லீவர் ரெண்டு (மூன்று இருந்தால் இன்னும் சுகம்), வால்வ் கழற்றுகிற சின்னச் சாவி, பெச், சொலுசன், அரத்தாள், காற்றுப் பம்ப், ஒரு பேசின் தண்ணி, கொஞ்சம் சவுக்காரத் தண்ணி. இது டியூப் உள்ள டயருக்கு. நம்ம ரோட்டில் ஓடுகிற கம்பிச் சில்லுப் பைக்குகள் அநேகமாக இந்த வகைதான்.

பைக்கை இறுகின தரையில் டபுள் ஸ்டாண்டில் நிறுத்துங்க. மணலில் வேண்டாம், கடற்கரைப் பக்கத்து வளவுக்காரர் ஒரு பலகையை அடியில் வையுங்க. ட்ரம் பிரேக் எண்டா முதலில் பிரேக் கம்பியின் நட்டைக் கழற்ற வேணும். பிறகு பிரேக் தட்டைப் பிடித்திருக்கிற கையின் போல்ட். அதன் பிறகுதான் ஆக்சில் நட்டு. ஆக்சிலை உருவும்போது ஒரு சின்னக் குழாய்த் துண்டு விழும். அது எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்க. திரும்பப் பூட்டும்போது அரை மணித்தியாலம் மிச்சம். பல பைக்குகளில் செயினும் பின் பல்சில்லும் அப்படியே நிற்கும், சில்லு மட்டும் தனியா வெளியே வரும்.

சில்லைத் தரையில் படுக்க வைத்து, வால்வைக் கழற்றிக் காற்றை முழுசா இறக்குங்க. டயரின் ஓரம் ரிம்மோடு ஒட்டிப் பிடித்திருக்கும். குதிகாலால் சுற்றி மிதித்தால் விட்டுக்கொடுக்கும். மசியாவிட்டால் இன்னொரு பைக்கின் சைட் ஸ்டாண்டை டயரின் ஓரத்தில் வைத்து, அந்த பைக்கை மெதுவாகச் சாய்த்தால் போதும். சுற்றிவரச் சவுக்காரத் தண்ணி பூசுங்க. மண்ணெண்ணெயும் பழைய ஒயிலும் வேண்டாம். ரப்பரைக் கெடுக்கும், டயர் ரிம்மில் வழுக்கவும் செய்யும்.

இந்த வேலையின் முழு இரகசியமும் அடுத்த வரியில்தான் இருக்கு. டயரின் ஓரத்துக்குள் இரும்புக் கம்பி வளையம் ஓடுகிறது. அது இழுபடாது. எவ்வளவு பலம் போட்டாலும் பெருக்காது. ஆனா ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கு. நீங்க லீவர் போடுகிற இடத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் டயரின் ஓரத்தை அந்தப் பள்ளத்துக்குள் முழங்காலால் அழுத்தி இறக்கினால், இந்தப் பக்கம் தளர்வு தானாக வரும். வால்வுக்குக் கிட்ட முதல் லீவரைப் போடுங்க. ரெண்டு அங்குலம் தள்ளி மற்றது. கொஞ்சம் கொஞ்சமாக நகருங்க. பலம் கூடுதலாகத் தேவைப்பட்டால், எதிர்ப் பக்கம் பள்ளத்தை விட்டு மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் டியூப் கிழியும், ரிம் நெளியும். நம்ம பொடியன்கள் அநேகம் பேர் முதல் தடவையோட இந்த வேலையைக் கைவிடுவதும் அதனாலதான்.

டியூபை எடுத்து, காற்று அடித்து, தண்ணியில் அமிழ்த்தினால் குமிழி இடம் காட்டும். அரத்தாளால் தேய்த்து, சொலுசன் பூசி, அது கையில் ஒட்டாத அளவுக்குக் காயும் வரை பொறுத்துப் பெச்சை அழுத்துங்க. பொறுமை இல்லாதவன் போட்ட பெச் நாலு நாளில் கழரும். ஓட்டை வால்வின் அடியில் எண்டா பெச் சரிவராது, டியூபையே மாத்த வேணும். அதைவிட முக்கியம், டயரின் உட்பக்கத்தை ஒரு துணியால் தடவிப் பாருங்க. முள்ளோ ஆணியோ அங்கேயே இருந்தால் போட்ட பெச் வீண். வெறுங்கையால் தடவ வேண்டாம்.

திரும்பப் போடும்போது டியூபுக்குக் கொஞ்சமாகக் காற்று விட்டால் லீவருக்குள் மாட்டாது. வால்வுக்கு எதிர்ப் பக்கம் தொடங்கி, வால்வுப் பக்கம் முடியுங்க. காற்று அடித்த பிறகு, டயரைச் சுற்றி ஓடுகிற மெல்லிய கோடு ரிம்மிலிருந்து எல்லா இடமும் ஒரே அளவு தூரத்தில் இருக்க வேணும். இல்லாட்டி காற்றை இறக்கித் திரும்பச் செய்யுங்க. சின்ன பைக்குகளுக்குப் பெரும்பாலும் முன்னுக்கு 25, பின்னுக்கு 28 பிஎஸ்ஐ அளவில் வரும். சரியான கணக்கு பைக்கோடு வந்த புத்தகத்தில் இருக்கும். கடைசியாகச் செயின் தளர்வு, ஆக்சில் நட்டு, பிரேக். பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் கேட்டைத் தாண்ட வேண்டாம்.

புது ஸ்கூட்டிகளில் அநேகமாக டியூப்லெஸ். அதில் டயரைக் கழற்றவே தேவையில்லை. ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அரவி, ரப்பர் திரியைச் செருகினால் முடிந்தது. அந்த டயரை வீட்டு லீவரால் கழற்றி ரிம்மின் ஓரத்தைக் காயப்படுத்தினால் அதன் பிறகு காற்று நிற்காது. அதைக் கடைக்குக் கொடுங்க.

இதற்கு ஒரு நியாயமான எதிர்க் கேள்வி உண்டு. "பஞ்சர் கடைக் காக்காட பிழைப்பில ஏன் மண்ணள்ளிப் போடுறீங்க?" எண்டு கேக்கலாம். நாலு பேர் வீட்டில் பெச் போடப் பழகுவதால் எந்தக் கடையும் மூடப்படாது. வேலை தெரிஞ்சவன்தான் வேலையின் பெறுமதியையும் அறிவான். ஒரு தரம் வெயிலில் குந்தி இருந்து பின் சில்லைக் கழற்றிப் பூட்டிப் பாருங்க. அடுத்த தரம் கடையில் பேரம் பேச வாய் வராது. அதோட, "டியூப் முடிஞ்சு, புதுசு போடுவோம்" எண்டு ஒருத்தர் சொன்னா, அது உண்மையா என்று பார்க்க உங்களுக்குக் கண் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. கடையில் பளபளக்கிற "புது" டயர் எத்தனை வருசம் றாக்கையில் கிடந்தது என்று அது சொல்லும். வாங்க முதல் அதைப் பார்க்கிறவர் நம்மில் எத்தனை பேர்?

ஆனா என் மனசை அரிக்கிறது வேற ஒன்று. நம்மில் எத்தனையோ பேர் கட்டாருக்கும் சவூதிக்கும் போய் ஸ்பேனர் பிடிக்கிறோம். அங்க அது உழைப்பு. இங்க, சொந்த ஊரில், அதே ஸ்பேனரைப் பிடித்தால் "படிச்ச பொடியனுக்கு ஏன் இந்த வேலை?" எண்டு கேட்கிறோம். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்துவிட்டது. கையில் கிரீஸ் படுவதைக் குறைவாகப் பார்க்கிற கண் மட்டும் மாறவில்லை. பட்டத்தை வைத்துக்கொண்டு அரச நியமனத்துக்கு வருசக் கணக்கில் காத்திருக்கிறோம். காத்திருக்கிற காலத்தில் ஒரு கைவேலை பழகினால் மானம் போய்விடும் என்று பயப்படுகிறோம். மருதமுனையின் பெயரை நாடு முழுக்க எடுத்துச் சென்றது கைத்தறி என்பதை நாம மறக்கக் கூடாது. கையால் உழைத்துத்தான் இந்தக் கரை எழும்பியது.

அதே பார்வைதான் பெண் பிள்ளைகள் விசயத்திலும். இன்று நம்ம ஊர்களில் ஆசிரியைகள், தாதியர், கம்பஸ் போற பிள்ளைகள் எல்லாரும் ஸ்கூட்டி ஓடுறாங்க. ஓட விட்டோம், பழுது பார்க்க விடவில்லை. நடுரோட்டில் காற்றுப் போனால் யாராவது ஆம்பிளை வரும் வரைக்கும் நிற்க வேணும் என்று விட்டிருக்கிறோம். லீவருக்கு ஆண் பெண் தெரியாது. மேலே சொன்ன மாதிரி அது பலத்தால் செய்கிற வேலையும் இல்லை, பள்ளம் எங்க இருக்கு என்று தெரிந்து செய்கிற வேலை. டியூப்லெஸ் திரி செருகுவது அதைவிடச் சுகம்.

டயரின் கதையே இப்படித்தான் தொடங்குது. 1888இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் என்ற மாட்டு வைத்தியர் தன் மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சுற்றிப் பார்த்தார். ஆனால் அந்தக் காலத்து டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டினார்கள். பஞ்சர் ஆனால் கழற்றி ஒட்டவே மணிக்கணக்கு, பசை காய ஒரு இரவு. பிரான்சில் மிஷலின் சகோதரர்களிடம் அப்படி ஒரு சைக்கிள் வந்து சேர்ந்த பிறகுதான், கழற்றிப் பூட்டக்கூடிய டயரை 1891இல் கொண்டு வந்தார்கள். அதே வருசம் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்டத்தில் அந்த டயரோடு ஓடினவர் வென்றார். ஓடுகிற ஆளே தன் கையால் கழற்ற வேணும் என்பதற்காகவே அந்த மாற்றம் வந்தது. நாமதான் அதைத் திரும்ப மற்றவர் கையில் ஒப்படைத்துவிட்டோம். இதே நாட்டில், 1876இல் கம்பஹா ஹெனரத்கொடை பூங்காவில் நட்ட ரப்பர்க் கன்றுகளில் இருந்து பெரிய ஏற்றுமதித் தொழிலே வளர்ந்திருக்கு. அந்த நாட்டுப் பொடியன் டயருக்குள் என்ன இருக்கு என்று ஒரு தரமாவது பார்த்திருக்க வேண்டாமா?

ஆளுக்கு ஒரு ஜோடி லீவர் வாங்க வேணும் எண்டு இல்லை. ஒரு ஒழுங்கைக்கு ஒரு ஜோடி போதும். லீவு நாளில், வெளிச்சத்தோடு, பஞ்சர் ஆகாத சில்லிலேயே ஒரு தரம் பழகுங்க. தெரிஞ்ச பிறகு தங்கச்சிக்கும் காட்டிக் கொடுங்க.