போர்ப்புண்ணுக்குச் சாட்சி யார்?

தேசத்துக்காக யுத்தகளத்தில் காயம்பட்ட வீரன், அந்தக் காயத்துக்குரிய பதக்கத்தைக் கேட்டுத் தன் சர்க்காரிடமே மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்க நேர்ந்தால், அந்தச் சர்க்காரின் நன்றியறிவைப் பற்றி என்னென்பது? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது யாரோ ஒருவருடைய தனிக் குறையன்று. இரண்டாவது உலக மகா யுத்தத்திலும் கொரிய யுத்தத்திலும் காயமுற்றவர்களில் பலருக்கு, தஸ்தாவேஜு இல்லை என்ற பதிலே கிடைத்திருக்கிறது. தஸ்தாவேஜு ஏன் இல்லை, அது இல்லாமற் போனதற்கு யார் பொறுப்பாளி என்பவையே நாம் இங்கு ஆராயப் புகும் விஷயங்கள்.

இப்பதக்கத்துக்குப் 'பர்ப்பிள் ஹார்ட்', அதாவது ஊதா இருதயம் என்று பெயர். 1782-ம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி, ஜார்ஜ் வாஷிங்டன் தம் சேனையிலிருந்த சாதாரணச் சிப்பாய்களைக் கௌரவிக்கும் பொருட்டு, ஊதாத் துணியில் இருதய வடிவமாக ஒரு சின்னத்தை ஏற்படுத்தினார். பின்னர் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அது, வாஷிங்டனின் 200-வது பிறந்த தினமான 1932-ம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி பதக்கமாகப் புத்துயிர் பெற்றது. சத்துருவின் செய்கையால் காயமுற்றோருக்கும் உயிர் துறந்தோருக்கும் இன்று அது உரியது. மற்ற வீரப் பதக்கங்களுக்கு மேலதிகாரியின் சிபார்சு வேண்டும். இதற்கோ சிபார்சு வேண்டுவதில்லை. விதித்த நிபந்தனைகள் நிறைவேறினாற் போதும், பதக்கம் வீரனைச் சேர்ந்ததாகிறது. ஆகவே இதைக் கேட்பவன் எவருடைய தயையையும் யாசிக்கவில்லை. தனக்குரியதைக் கேட்கிறான்.

நிபந்தனைகள் யாவை? காயம் சத்துருவால் நேர்ந்திருக்க வேண்டும். அது வைத்தியரின் சிகிச்சை வேண்டியதாயிருக்க வேண்டும். சிகிச்சை ஏட்டில் பதிவாகியிருக்க வேண்டும். கேட்பதற்கு இவை நியாயமாகவே தோன்றும். ஆனால் ஏட்டை எழுதுவது யார்? குண்டடிபட்டுக் கீழே கிடப்பவன் அல்லவே! பீரங்கி முழக்கத்தின் நடுவே ஒருவனுக்குக் கட்டுக் கட்டிவிட்டு அடுத்தவனிடம் ஓடும் வைத்திய உதவியாளன், அந்த நாழிகையிலேயே தானும் மாண்டு போகலாம். அவனுடன் அந்தச் சாட்சியமும் மாண்டது. எழுத வேண்டியதும் சர்க்காரின் கடமை. எழுதியதைக் காக்க வேண்டியதும் சர்க்காரின் கடமையே.

காத்த லட்சணத்தைப் பாருங்கள். 1973-ம் வருஷம் ஜூலை 12-ந் தேதி, செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகேயுள்ள தேசிய இராணுவப் பதிவு நிலையத்தில் தீப்பிடித்தது. 160 முதல் 180 லட்சம் வரை வீரர்களின் ஏடுகள் எரிந்து போயின. 1912-ம் வருஷம் நவம்பர் முதல் 1960-ம் வருஷத் தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் ஏடுகளில் 100-க்கு 80 பங்கு நாசமாயிற்று. அவற்றுக்குப் பிரதிகள் இல்லை. படச்சுருளில் எடுத்து வைத்திருக்கவும் இல்லை. இரண்டு உலக யுத்தங்களிலும் கொரிய யுத்தத்திலும் இரத்தம் சிந்தியவர்களின் சரித்திரம் சாம்பலானதற்கு அவ்வீரர்கள் எவ்வகையிலும் காரணரல்லர். ஆயினும் அவர்களில் ஒருவர் மனுச் செய்தால், எரிந்துபோன ஏட்டையே அவரிடம் கேட்கும் விபரீதம் நடக்கிறது.

பழங்காலத்து விபத்து என்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. 2020-ம் வருஷம் ஜனவரி 8-ந் தேதி, ஈராக்கிலுள்ள அல் அஸாத் விமானத் தளத்தின்மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. அமெரிக்கர் எவருக்கும் தீங்கில்லை என்று முதலில் அறிவிக்கப்பட்டது. நாளடைவில், வெடியதிர்ச்சியால் நூற்றுக்கு மேற்பட்டோரின் மூளை பாதிக்கப்பட்டிருந்ததை வைத்தியர்கள் கண்டனர். முதலில் பதக்கம் பெற்றவர்கள் 29 பேரே. விஷயம் பத்திரிகைகளில் அடிபட்ட பின்னர், 2021-ம் வருஷ இறுதியில் மேலும் 39 பேருக்கு அது வழங்கப்பட்டது. செயின்ட் லூயிஸில் எழுதிய ஏடு எரிந்தது. அல் அஸாதிலோ, காயமே இல்லையென்று தொடக்கத்திலேயே சாதிக்கப்பட்டது. இரண்டிலும் நஷ்டம் வீரனுடையது.

இங்கே ஒரு சட்டப் பிரச்னை எழுகிறது. பதக்கம் மறுக்கப்பட்ட தரைப்படை வீரன், இராணுவப் பதிவுகளைத் திருத்தும் சபையிடம் முறையிடலாம். 1946-ம் வருஷச் சட்டத்தால் ஏற்பட்ட ஏற்பாடு இது. ஆனால் அச்சபை, அதிகாரிகள் தம் காரியத்தை முறைப்படியே செய்திருப்பர் என்ற அனுமானத்துடன் விசாரணையைத் தொடங்குகிறது. அதைப் பொய்யென்று ருசுப்படுத்தும் பாரம் மனுதாரன் தலையில் விழுகிறது. அதே சர்க்காரின் முன்னாள் வீரர் நல இலாகாவில் சட்டம் வேறு விதமாயிருக்கிறது. உதவித் தொகை கோருபவனுக்கு ஆதரவான சாட்சியமும் எதிரான சாட்சியமும் ஏறக்குறைய சமமாயிருந்தால், சந்தேகத்தின் பலன் அவனுக்கே. பணம் கொடுப்பதில் தாராளமாயிருக்கும் சர்க்கார், மானத்தைக் கொடுப்பதில் மட்டும் கைச்சுருக்கம் காட்டுவானேன்?

இதன் விளைவுக்கு ஓர் உதாரணம் போதும். 1951-ம் வருஷம் கொரியாவில் தொடையில் குண்டுச்சில் பாய்ந்த ஒருவர், பதக்கம் கேட்டு மனுச் செய்தார். அது போரில் பட்ட காயமாகவே இருக்கக்கூடும் என்று முன்னாள் வீரர் நல இலாகாவின் வைத்தியர்களே எழுதியிருந்தனர். உடலில் தைத்த சில்லு உடலிலேயே இருந்தது. அப்படியிருந்தும், போதிய தஸ்தாவேஜு இல்லையென்று இராணுவத்தார் மறுத்தனர். அவர் கோர்ட்டில் வழக்குத் தொடுத்த பிறகே விஷயம் மறுபடி ஆராயப்பட்டு, 2024-ம் வருஷம் பதக்கம் கைக்கு வந்தது. காயத்துக்கும் பதக்கத்துக்கும் இடையே கழிந்தவை 73 வருஷங்கள்!

ருசுவில்லாமல் பதக்கம் கொடுத்தால் அதன் மதிப்புக் குன்றும், பொய்யர்கள் புகுந்துவிடுவர் என்று அதிகாரிகளின் பக்ஷத்தில் சொல்லக்கூடும். இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. பதக்கம் பெற்றதாகப் பொய் சொல்லி ஆதாயம் தேடுவோரைத் தண்டிக்க, அந்நாட்டில் 2013-ம் வருஷத்திலேயே சட்டம் செய்திருக்கின்றனர். பொய்யனைத் தண்டிக்க அது இருக்க, மெய்யனையும் சந்தேகிப்பது ஏன்? மேலும், ருசுவே வேண்டாமென்று யார் சொன்னது? காகிதம் ஒன்றே ருசு என்பதைத்தான் நாம் மறுக்கிறோம். அன்றைய தினம் அவனுடைய பட்டாளம் எங்கே போரிட்டது என்பதைப் பட்டாளத்தின் தினசரி அறிக்கை சொல்லும். உடனிருந்தவர்களின் பிரமாணப் பத்திரமும், வைத்தியர் காட்டும் வடுவும் பேசும். 1942 முதல் 1945 வரையிலும், 1950 முதல் 1954 வரையிலும் இராணுவ ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர்களைப் பற்றிய விவரங்கள் 1988-ம் வருஷம் வேறோரிடத்தில் அகப்பட்டன. அவற்றில் பெயர்கள் இல்லை. இராணுவ எண்கள் மட்டுமே உண்டு. தேட மனமிருந்தால் ருசு கிடைக்கும் என்பதற்கு இதுவே அத்தாட்சி. ஆனால் தேடும் வேலை, தள்ளாத வயதினருடையதா, சம்பளம் வாங்கும் இலாகாவினுடையதா?

நமது அபிப்பிராயம் இது. ஏடு சர்க்காரின் காவலில் இருந்தபோது அழிந்திருந்தால், அல்லது எழுதப்படாமலே விடப்பட்டிருந்தால், காயமில்லை என்று ருசுப்படுத்தும் பாரம் சர்க்காரைச் சேர வேண்டும். தன் தவற்றைக் கொண்டு தானே ஆதாயமடைய எவருக்கும் உரிமையில்லை என்பது நீதியின் பாலபாடம். கடன்பத்திரத்தைத் தொலைத்த குமாஸ்தா, கடனே இல்லையென்று சாதிப்பதை எந்தக் கோர்ட்டும் ஒப்பாது. இரண்டாவதாக, மனுச் செய்ய விதித்திருக்கும் மூன்று வருஷக் கெடுவை, நியாயத்தை முன்னிட்டு மன்னிக்கச் சபைக்கு அதிகாரமுண்டு. அவ்வதிகாரம் இம்மனுக்களில் தயக்கமின்றிச் செலுத்தப்பட வேண்டும். மூன்றாவதாக, முதியோர் மனுக்களை முதலில் எடுக்க வேண்டும். கொரியாவுக்கு இருபது வயதில் சென்றவர்கள் இன்று தொண்ணூறைக் கடந்தவர்கள். அவர்கள் விஷயத்தில் தாமதம் என்பது மறுப்பேயாகும்.

முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றியவர்கள் நம் முன்னோர்கள். போர்ப்புண்ணே வீரனுக்கு அணியாக எண்ணப்பட்ட காலம் அது. எந்த ஏட்டில் எழுதியிருக்கிறதென்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. ஏடும் இலாகாவும் இன்று இன்றியமையாதவை என்பதை நாம் அறிவோம். எனினும், இளைஞனைப் போருக்கு அனுப்பும்போது அவனுடைய சொல்லை நம்பித் துப்பாக்கியைக் கையில் கொடுத்த சர்க்கார், முதுமையில் அவன் தன் வடுவைக் காட்டும்போது அதே சொல்லை நம்ப மறுப்பது தர்மமாகாது.