பிங் வந்தா மட்டும் போதுமா?

டிவைஸ் சர்வர் எக்ஸ்பெரிமென்ட்ல நாம என்ன செய்யறோம்? ஐபி அட்ரஸ், சப்நெட் மாஸ்க், கேட்வே மூணையும் போட்டு, பிங் அடிச்சு, ரிப்ளை வந்ததும் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுக்கறோம். சீரியல் செட்டிங்ஸ் பக்கத்துல மேனுவல்ல இருக்கிற 9600, 8-என்-1 அப்படியே ஏறுது. சேவ், ரீபூட், அவுட்புட் வெரிஃபைடு. என்னைக் கேட்டா, இந்த எக்ஸ்பெரிமென்ட்ல கத்துக்க வேண்டியதே நாம கண்டுக்காம கடந்து போற அந்தப் பக்கத்துலதான் இருக்கு.

காரணம் எளிது. டிவைஸ் சர்வருக்கு ஒரு பக்கம் ஈதர்நெட், இன்னொரு பக்கம் ஆர்எஸ்-232 அல்லது ஆர்எஸ்-485. ஈதர்நெட்ல கேபிளைச் சொருகினா இரண்டு முனையும் தாங்களே பேசி வேகத்தை முடிவு பண்ணிக்கும். சீரியல் லைன்ல அந்த வசதி இல்லை. தனியா கிளாக் வயரும் கிடையாது. பாட் ரேட், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட் நாலும் இரு பக்கமும் ஒத்துப்போகுதான்னு மனுஷன்தான் பார்க்கணும். தப்பா இருந்தாலும் பிங் வரும், டிசிபி கனெக்‌ஷன் கிடைக்கும். அதெல்லாம் ஈதர்நெட் பக்கத்து சமாச்சாரம்.

"8-என்-1 எல்லாத்துக்கும் செட் ஆகும்"னு சொல்றவங்க உண்டு. அது உண்மை இல்லை. மோட்பஸ் ஆர்டியூ ஸ்டாண்டர்டு சொல்ற டீஃபால்ட் 19200 பாட், ஈவன் பாரிட்டி. பாரிட்டி வேண்டாம்னா 2 ஸ்டாப் பிட் வைக்கச் சொல்லுது. ஐஇசி 62056-21 படி பேசுற மின்மீட்டர்கள்ல பேச்சு பொதுவா 300 பாட், 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டியிலதான் தொடங்கும்.

சரி, ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்தா ஆகாதா? பாட் ரேட்டுக்கு 8 ஆப்ஷன், டேட்டா பிட்டுக்கு 2, பாரிட்டிக்கு 3, ஸ்டாப் பிட்டுக்கு 2, ஃப்ளோ கன்ட்ரோலுக்கு 3ன்னு வெச்சாலே 288 வழி. அதைவிட அறிகுறியைப் படிக்கத் தெரிஞ்சா போதும். பாட் ரேட் தப்புன்னா வர்றதெல்லாம் குப்பையா இருக்கும். கருவி 7 பிட், ஈவன் பாரிட்டியில அனுப்ப, நாம 8-என்-1ல வாங்கினா, பாரிட்டி பிட் எட்டாவது டேட்டா பிட்டா உள்ளே வந்துடும். அப்போ ஏ, பி, டி சரியா வரும். சி மட்டும் ஏதோ ஒரு குறியா மாறும். பாதி எழுத்து சரியா, பாதி தப்பா வந்தா முதல்ல பார்க்க வேண்டியது பாரிட்டியைத்தான். மூணு வயர் கேபிள்ல ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் ஆன் பண்ணினா, சிடிஎஸ் சிக்னலுக்குக் காத்துக்கிட்டு டிவைஸ் சர்வர் எதையுமே அனுப்பாது.

இதைவிட மோசம் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப். இதுல 17ங்கிற பைட்டுக்கு 'அனுப்பு', 19க்கு 'நிறுத்து'ன்னு அர்த்தம். மோட்பஸ் ஆர்டியூ மாதிரி பைனரி டேட்டா போற லைன்ல இதை ஆன் பண்ணினா, 17ஆம் ஸ்லேவோட பதில்ல முதல் பைட்டையே டிவைஸ் சர்வர் விழுங்கிடும். எந்த ரீடிங்லயாவது 19 வந்தா, அனுப்புறதையே நிறுத்திடும். மத்த நேரத்துல ஓடிக்கிட்டிருக்கிற சிஸ்டம் திடீர்னு ஏன் நிக்குதுன்னு மணிக்கணக்கா வயரை ஆட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

"பழைய டெக்னாலஜி, இது எதுக்கு?"ன்னு கேட்கலாம். மோட்பஸ் 1979ல வந்ததுதான். ஆனா நல்லா ஓடுற பிஎல்சியையோ எடை மெஷினையோ சீரியல் போர்ட் இருக்குங்கிறதுக்காக யாரும் தூக்கிப் போட மாட்டாங்க. ஒரு டிவைஸ் சர்வரை மாட்டி நெட்வொர்க்ல சேர்ப்பாங்க. நாளைக்கு அந்த வேலை நம்ம கைக்குத்தான் வரும். அங்கே மேனுவல்ல விடை எழுதி இருக்காது.

அதனால நம்ம துறைக்கு ஒரு கோரிக்கை. பிராக்டிகல்ல ஒரு செட்டிங்கை வேணும்னே மாத்தி வெச்சுக் கொடுங்க. பத்து நிமிஷத்துல கண்டுபிடிக்கச் சொல்லுங்க. ரெக்கார்ட் நோட்ல ப்ரொசீஜரோட 'அறிகுறி – காரணம்' அட்டவணை ஒண்ணும் கேளுங்க. கிட் பத்தாதுங்கிறது நிஜம்தான். ஆனா இதுக்குப் புது கிட் வேண்டாம், மார்க் போடுற முறை மாறினா போதும்.

அதுவரைக்கும் நாமளே செய்யலாம். இரண்டு யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர், இரண்டு லேப்டாப், மூணு வயர். டிஎக்ஸ், ஆர்எக்ஸ் குறுக்கா, கிரவுண்ட் நேரா. இரண்டு பக்கமும் புட்டியைத் திறந்து, ஒரு பக்கம் மட்டும் செட்டிங்கை மாத்தி என்ன வருதுன்னு பாருங்க. 2ஆம் பின்னையும் 3ஆம் பின்னையும் ஷார்ட் பண்ற லூப்பேக் டெஸ்ட் இதுக்கு உதவாது. அனுப்புறதும் வாங்குறதும் ஒரே போர்ட், ஒரே செட்டிங். தப்பு எப்படித் தெரியும்?