குழந்தைக்குக் காய்ச்சல் வலிப்புக் கண்டால்

மாரி பிறந்துவிட்டால் மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமங்களிலே குழந்தைகளுக்குச் சளியும் காய்ச்சலும் வருதல் வழமை. பகலெல்லாம் முற்றத்தில் விளையாடிய ஒன்றரை வயதுப் பிள்ளை, மாலையில் மேனி கொதிக்கத் தாயின் மடியிற் கிடக்கின்றது. திடீரெனக் கண்கள் மேலே செருகுகின்றன. கைகால்கள் விறைத்து, பின் வெட்டி வெட்டி இழுக்கின்றன. வாயில் நுரை தள்ளுகின்றது. உதடு நீலம் பாரிக்கின்றது. பெயரைச் சொல்லி அழைத்தாலும் அசைவில்லை. பிள்ளை போய்விட்டது என்றே பெற்றவள் எண்ணுகின்றாள். அந்த அச்சத்தில் வீட்டார் செய்பவை சில, வலிப்பினும் கொடியனவாய் முடிதல் உண்டு.

இது காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளிடத்து நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேர்க்கு வருவதாக மேனாட்டு வைத்தியர் கணக்கிட்டுள்ளனர். வளரும் மூளை உடற்சூட்டைத் தாங்காமல் ஒரு கணம் நிலைகுலைகின்றது என்று சுருங்கக் கூறலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானே அடங்கிவிடும். குழந்தைகளுக்குக் கடுங்காய்ச்சலில் வலிப்பு வருமென்பதை, கிறிஸ்துவுக்கு நானூறு ஆண்டுகளின் முன்னரே கிரேக்க வைத்தியர் இப்போகிரட்டீசு வழிவந்த நூல்கள் குறித்துள்ளன. அப்படியிருக்க, இதனைப் பேய்க்கோளாறு என்று இன்றும் சிலர் கூறக் கேட்கின்றோம்.

நம் வீடுகளில் நிகழ்வதென்ன? ஒருவர் இரும்புத் திறப்பைக் கையிற் திணிப்பார். இன்னொருவர் வெங்காயத்தை நசித்து மூக்கிற் பிடிப்பார். பல் நாக்கைக் கடித்துவிடும் என்று வேறொருவர் கரண்டியை வாய்க்குள் நுழைப்பார். திறப்பினால் நன்மையுமில்லை, பெரிய தீமையுமில்லை. கரண்டியோ அவ்வாறன்று, பல்லை உடைக்கும், ஈறைக் கிழிக்கும், உடைந்த துண்டு மூச்சுக்குழலுள் இறங்கவும் கூடும். விரலை நுழைத்தாற் கடிபடுவது நாம். தண்ணீரோ மருந்தோ ஊற்றினால் விழுங்கும் உணர்வில்லாத பிள்ளையின் சுவாசப்பைக்குள் அது சென்றுவிடும். திருநீறு பூசுதலை நான் தடுக்கமாட்டேன். நெற்றியிற் பூசுக, வாயில் இடற்க.

செய்யவேண்டியது மிகச் சிறிது. பிள்ளையைப் பாயிலோ தரையிலோ ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துக. எச்சிலும் வாந்தியும் தாமே வெளியே வழியும், மூச்சு அடையாது. அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றுக. கழுத்துச் சட்டையைத் தளர்த்துக. கைகாலை அழுத்திப் பிடித்தல் வேண்டா. குளிர்நீரை ஊற்றுதலும் வேண்டா. உடனே மணிக்கூட்டைப் பாருங்கள். அஞ்சுகின்ற மனத்துக்கு ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும்; வைத்தியர் முதலிற் கேட்பதும், எவ்வளவு நேரம் இழுத்தது என்பதே.

ஐந்து நிமிடம் கடந்தும் நிற்கவில்லையாயின், மூச்சுத் திணறுமாயின், நின்ற வலிப்பு மறுபடி தொடங்குமாயின், 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைக்க. இந்திய உதவியுடன் 2016இல் தொடங்கிய இந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. முதன்முறை வந்த வலிப்பாயின், அது அடங்கிய பின்னரும் அன்றே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். குருக்கள்மடத்தார்க்குத் தெற்கே செட்டிபாளையம், களுதாவளை கடந்தாற் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை. வடக்கே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. எதிர்க்கரை அம்பிளாந்துறைப் பக்கத்தார்க்கு மகிழடித்தீவு வைத்தியசாலை உண்டு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படுமுன், அப்பகுதியில் நோயுற்ற பிள்ளையைக் கரைகடத்தத் துறையிலே காத்திருந்த இரவுகளை முதியோர் அறிவர்.

வலிப்பின் காரணம் எளிய காய்ச்சல்தானா என்பதை வைத்தியரே துணிதல் வேண்டும். முன்னாளில் மூளையைத் தாக்கும் மலேரியாவும் இவ்வாறு இழுக்கச் செய்தது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. மூளைக்காய்ச்சலோ இன்றும் உண்டு. கழுத்து விறைத்தல், தோலில் ஊதாப் புள்ளிகள், ஒரு மணித்தியாலம் கழித்தும் தெளியாத மயக்கம், ஆறு மாதத்திற்குக் குறைந்த வயது, உடலின் ஒருபக்கம் மட்டும் இழுத்தல் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதம் கூடாது.

மறுபடி வருமா என்று பெற்றோர் கேட்பர். மூவருள் ஒருவர்க்கு வரலாம். காக்காய் வலிப்பாக மாறுதலோ அரிது. ஏனைய பிள்ளைகளினும் சிறிதளவே மிகுதி. பரசிற்றமோல் காய்ச்சலின் வேதனையைத் தணிக்கும்; வலிப்பைத் தடுக்கும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. பிள்ளை தெளிந்து விழுங்கத் தொடங்கிய பின், எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், ஆறு மணித்தியால இடைவெளியிற் கொடுக்கலாம். டெங்கு நடமாடும் நம் நாட்டில் அஸ்பிரினும் இபுபுரூபனும் தாமாக வாங்கிக் கொடுத்தல் ஆகாது.

தாய் வெளிநாட்டில் உழைக்க, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகள் நம்மிடையே பலர். ஆகவே தாய்க்கு மட்டும் சொல்லிவைத்தல் போதாது. 1990 என்ற இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அம்மம்மாவின் கண்ணிற்படும் சுவரில் ஒட்டுக. பிள்ளையைச் சரித்துக் கிடத்தும் விதத்தை, காய்ச்சல் இல்லாத ஒரு நாளில், அவர் கையாலேயே ஒருமுறை செய்வித்துப் பார்க்க.