இரண்டு சபைக்கும் ஒரே அளவுகோல்

கேள்வி: பி.ஏ.பி. பாசனத்தில் எங்கள் சபை கடைமடையில் இருக்கிறது. சுற்று திறந்தால் மேல் சபைக்காரர்களுக்கு நிறைவாகப் பாய்கிறது. எங்களுக்கு வந்து சேர்வதற்குள் அடைப்பு வந்துவிடுகிறது. கேட்டால், ‘நாங்க விட்டாச்சே’ என்கிறார்கள். தென்னை காய்கிறது. எங்கள் சபை மட்டும் தனியாக என்ன செய்ய முடியும்?
- வெள்ளகோவில் பகுதி வாசகர்

பதில்: தனியாக என்றால் அதிகம் முடியாது. மேல் சபையையும் சேர்த்துக்கொண்டால் முடியும். காரணம், பி.ஏ.பி. தண்ணீர் எந்த இடத்திலும் ஒரே கையில் இருப்பதில்லை.

நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு என்று மலை மேல் சேரும் தண்ணீர், சர்க்கார்பதி மின் நிலையத்தைக் கடந்து, சுமார் 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாயில் ஓடி திருமூர்த்தி அணைக்கு வருகிறது. அந்த அணையின் கொள்ளளவே 2 டி.எம்.சி.க்கும் குறைவு. நொடிக்கு 1,000 கனஅடி வீதம் திறந்துவிட்டு, வரத்து நின்றுபோனால், ஏறத்தாழ மூன்று வாரத்தில் காலி. ஆனால் ஒரு மண்டலம் என்பது சுமார் 94 ஆயிரம் ஏக்கர். நான்கு மண்டலங்கள் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் தண்ணீர். அந்த ஒரு முறையும் தவறினால் கடைமடைத் தென்னைக்கு இன்னும் இரண்டு ஆண்டுக் காத்திருப்பு.

இரு மாநிலங்களுக்கு இடையே இதே வழக்கு உண்டு. 1970-ல் தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, சித்தூர் பாசனத்துக்காக மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தர வேண்டும். சண்டை சச்சரவு இல்லாமல் இல்லை. ஆனாலும், ‘விட்டாச்சு’, ‘வரவில்லை’ என்று வாய்வார்த்தையில் பேச்சு நிற்பதில்லை. மணக்கடவில் அளந்த கணக்கு இருக்கிறது. அதை வைத்துப் பேச இரு தரப்புப் பொறியாளர்களும் உள்ள கூட்டு வாரியம் இருக்கிறது. இரண்டு மாநிலங்கள் செய்வதை, ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பாசன சபைகள் செய்யாமல் இருப்பதுதான் கடைமடையின் முதல் கோளாறு.

சபை எல்லையில், வாய்க்கால் நேராக ஓடும் இடமாகப் பார்த்து, 30 அடி நீளத்துக்கு இரு முனையிலும் குறி போடவும். மேல் முனையில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டு, கீழ் முனைக்கு வர எத்தனை நொடி என்று கைப்பேசியில் பார்க்கவும். மூன்று முறை செய்து சராசரி எடுக்கலாம். 20 நொடி ஆனால், மேல்மட்ட வேகம் நொடிக்கு ஒன்றரை அடி. அடியில் ஓட்டம் மெதுவாக இருக்கும் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 1.28 அடி. தண்ணீரின் சராசரி அகலம் 3 அடி, ஆழம் 1 அடி என்றால், ஓடுவது நொடிக்குச் சுமார் 3.8 கனஅடி. துல்லியமான கருவிக்கு இது ஈடாகாது. தகராறைத் தீர்க்க இது போதும். உதவிப் பொறியாளரிடம் கேட்டு அங்கேயே கரையில் அளவுகோல் வரையச் சொன்னால் இன்னும் நல்லது.

நொடிக்கு ஒரு கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால், எட்டு ஏக்கரில் மூன்று அங்குலம் நிற்கும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று நொடிக்குப் பத்து லிட்டர் போல இறைக்கும். அப்படி மூன்று மோட்டார்கள் இரவு பகலாக வாய்க்காலில் உறிஞ்சினால் ஒரு கனஅடி போய்விடும். ஒரு வாரத்துக்கு அது 56 ஏக்கர் பாசனம்! ‘ஒரு மோட்டார்தானே’ என்று கரையோரத்தில் கண்டும் காணாமல் போகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

அளப்பது காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. இரு சபையிலும் ஆளுக்கு ஒருவர் கூட நின்று, ஒரே நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தரப்பு மட்டும் எழுதிய நோட்டு கூட்டத்தில் செல்லாது. நடைமுறையில் அது இன்னொரு சண்டைக்குத்தான் வழி.

மேல் சபை இதற்கு ஏன் சம்மதிக்கும் என்பது நியாயமான கேள்வி. அவர்களுக்குள்ளும் ஒரு கடைமடை இருக்கிறது. அங்கேயும் இதே புலம்பல்தான். சுற்றுக்கு முன் மண் வாரும் செலவையும் இரவுக் காவலையும் கீழ் சபை பங்கிட்டுக்கொள்ள முன்வந்தால் பேச்சு சுலபமாகும். வறட்சியில் சுற்றைக் குறைக்கும்போது, உயிர்த் தண்ணீர் கேட்டுத் திட்டக் குழுவிடம் போக வேண்டியிருக்கும். தனித்தனி மனுவைவிட, ஒரு பகிர்மானக் கால்வாயின் எல்லா சபைகளும் சேர்ந்து கொடுக்கும் கணக்குக்கு மதிப்பு அதிகம்.

அதற்கும் சம்மதிக்காவிட்டால், 2000-ஆம் ஆண்டில் வந்த, பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கும் சட்டத்தில் சபைக்கு மேலே பகிர்மானக் குழு இருக்கிறது. முறை வைக்கும் பட்டியலை எழுத்தில் கேட்டு, எந்த மடை எந்த நாள், எத்தனை மணி நேரம் என்பதை அங்கே பதிவு செய்யலாம். இதைச் சுற்று திறந்த பிறகு தொடங்கினால் பயன் இல்லை. தண்ணீர் ஓடும்போது எவருக்கும் கூட்டத்துக்கு வர நேரம் கிடைக்காது. அடைப்புக் காலத்திலேயே பேசி முடிக்க வேண்டும்.

அதுவரை தென்னைக்கு: தண்டிலிருந்து ஆறடி சுற்றளவுப் பாத்தியில் உரிமட்டையைக் குவிந்த பக்கம் மேலாகக் கவிழ்த்து இரண்டு அடுக்கு பரப்பி, மேலே காய்ந்த ஓலையை மூடாக்காகப் போடவும். காய்ந்து தொங்கும் அடி மட்டைகளை வெட்டிவிடலாம். கிணற்றில் இருக்கிற கொஞ்சத் தண்ணீரை வாய்க்காலில் விட்டுப் பாய்ச்சாமல் சொட்டுநீரில் கொடுத்தால், அதே தண்ணீர் கூடுதல் மரங்களுக்கு எட்டும். இந்தச் சமயத்தில் ரசாயன உரம் வேண்டாம். ஈரம் வந்த பிறகு போடலாம்.