தோற்றவனுக்கு ஒரு படம்



டிராயிங் ஹாலில் டிராஃப்டரைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் கோடு போடுகிற நாம், ஒரு நாளாவது ஒரு மனுஷன் முகத்தை வரைந்திருக்கிறோமா? இல்லை. அதனால்தான் இந்த விஷயம்.

18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஓவியர்களுக்கு ரோமாபுரி என்றால் உயிர். அதிலும் தோற்றுப்போன தளபதிகள் என்றால் தனிப் பிரியம். மாரியுஸ் என்று ஒருவர். ரோமில் ஏழு முறை கான்சல் பதவி வகித்தவர். கி.மு. 88-ல் சுல்லாவிடம் தோற்று, ஆப்பிரிக்காவுக்கு ஓடி, ரோமர்களே இடித்துப் போட்ட கார்த்தேஜ் நகரத்துக் கற்குவியல் நடுவே உட்கார்ந்திருந்தாராம். அந்தக் காட்சியை மையில் வரைந்தார்கள். எவ்வளவு மரியாதை! தோற்றவன் முகத்தில் ஒரு கம்பீரம், பக்கத்தில் உடைந்த தூண்.

சரி. அதே காலகட்டத்தில் அதே ஆங்கிலேயர்கள் நம்ம சீமையில் என்ன செய்தார்கள்? 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அங்கே ஆமணக்கு விதைத்தார்கள் என்று சனங்கள் இன்னமும் சொல்வார்கள். நமக்கும் ஒரு கார்த்தேஜ் இருக்கிறது, தூத்துக்குடியிலிருந்து ஒரு பஸ் தூரத்தில். ஆனால் அங்கே உட்கார்ந்த மாரியுஸை எவன் வரைந்தான்?

கட்டபொம்மன் என்றதும் நம் மனசில் வருவது 1959 படத்து சிவாஜி கணேசன் முகம்தான். கயத்தாறில் 1970-ல் சிலை வைத்தவரும் அவரே. நான் குறை சொல்லவில்லை. அவர் செய்யாவிட்டால் அந்த முகமும் கிடைத்திருக்காது. தம்பி ஊமைத்துரைக்கு அதுவும் இல்லை.

இத்தனைக்கும் அவரைப் பற்றி எழுதியவர் எதிரிப் படையில் இருந்த வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி. 1830-ல் லண்டனில் வந்த அவருடைய புத்தகத்தில் ஒரு காட்சி. பேச்சு வராத ஊமைத்துரை, துண்டு துண்டாக வைக்கோலை இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அதுதான் இங்கிலீஷ் பட்டாளம். மற்றக் கையால் அதை ஒரே வீச்சில் தள்ளி, வாயால் 'உஸ்' என்று சத்தம் கொடுப்பாராம். அதுதான் தாக்கச் சொல்லி உத்தரவு! இதைவிட நல்ல படம் எந்த ரோமானியனுக்கு அமையும்? 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, சில நாளிலேயே மண்ணால் கோட்டையைத் திரும்ப எழுப்பி, மார்ச்சில் வந்த பட்டாளத்தை விரட்டியவர். (சிவில் பிரிவு நண்பர்கள் கவனிக்க: சிமென்ட் கிடையாது, சுத்த மண்.) அதே நவம்பரில் அவரையும் தூக்கிலிட்டார்கள்.

எங்க மணப்பாட்டிலும் இதே கதைதான். 1542-ல் இந்தக் கரைக்கு வந்த சவேரியாருக்குச் சுரூபம் உண்டு, படம் உண்டு. அவரைப் பார்க்கக் கூடிய பரதவர்களில் ஒருத்தருக்காவது முகம் உண்டா? வரைகிற கை நம்மிடம் இல்லாமல் போனதுதான் காரணம். இப்போது இருக்கிறதே! மை இருக்கு, பேனா இருக்கு, டிப்ளமோ கோர்ஸில் சொல்லியும் தருகிறார்கள்.

மாணவர் மன்றத்துக்கு என் கோரிக்கை இரண்டு. அடுத்த சர்வே கேம்ப் பாஞ்சாலங்குறிச்சியில் நடக்கட்டும். தோண்டி எடுத்த அந்த அடித்தளத்தை அளந்து வரைவோம். ஓவியப் போட்டிக்கு 'ஊமைத்துரை' என்று தலைப்புக் கொடுங்கள். முகம் எப்படி இருக்கணும் என்று கேட்பீர்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவன் முகம் போதும். உள்ளங்கையில் வைக்கோலை மட்டும் மறந்துடாதீங்க.