வீட்டிலேயே விமானம்: தாடிக்கொம்பில் இருந்து ஒண்ணு கிளம்புமா?

யூடியூபில் இந்த மாதிரி வீடியோ கண்டிப்பா உங்க கண்ணில் பட்டிருக்கும். அலாஸ்காவில் ஓர் ஆற்றங்கரை. தார் ரோடு இல்லை, ரன்வே இல்லை, வெறும் கூழாங்கல்தான். குண்டு டயர் மாட்டின ஒரு குட்டி விமானம் தத்தித் தத்தி வந்து இறங்கும். ஓட்டினவர் இறங்கி, கூடாரம் போட்டு, டீ போடுவார். கடைசியில் ஒரு வரி சொல்வார்: ''இந்த விமானத்தை என் வீட்டு கராஜில் நானே கட்டினேன்.''

அப்போ உங்களுக்குத் தோணியிருக்கும், 'இதை நம்ம ஊரில் செய்ய முடியுமா?'ன்னு. நியாயமான கேள்வி. உதாரணத்துக்கு தாடிக்கொம்பையே எடுத்துக்கலாம். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலும், அதன் தூண் சிற்பங்களும் இருக்கிற ஊர். சுத்துவட்டாரம் முழுக்க அரமும் சுத்தியலும் பிடிச்சுப் பழகின கைகள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின திண்டுக்கல் பூட்டு, ஒவ்வொரு நெம்பும் கையால் ராவிச் சேர்க்கிற வேலை. இந்த ஊர்ப் பையனோ பொண்ணோ ஒரு விமானத்தைக் கட்ட முடியுமா?

கட்ட முடியும். சட்டப்படி பறக்க வைக்கிறதுதான் கஷ்டம். அந்த இடைவெளியில் என்ன இருக்குன்னுதான் இப்போ பார்க்கப் போறோம்.

பெட்டியில் வரும் விமானம்

'கிட் ப்ளேன்' என்பது பாகங்களாகப் பிரித்து, பெட்டியில் அடுக்கி விற்கப்படும் விமானம். அலுமினியத் தகடுகள் கம்ப்யூட்டர் வெட்டில் துளை போட்டு வரும். கூடவே குழாய்கள், சில மாடல்களில் இறக்கை மேல் போர்த்தும் துணி, ஆயிரக்கணக்கில் ரிவெட், தடியான ஒரு கையேடு. எஞ்சினைத் தனியாக வாங்கணும். இந்த உலகத்தில் ரொம்பப் பிரபலமானது ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் 912. அதன் ஒரு வகை 100 குதிரைத்திறன் தரும்.

ஆற்றங்கரையில் இறங்குகிற விமானங்களில் ஜெனித் சி.எச் 701, கிட்ஃபாக்ஸ் போன்றவை பிரபலம். இதில் பெரிய மாயம் எதுவும் இல்லை. எடை குறைவு, தடிமனான இறக்கை, ஜெனித்தில் இறக்கையின் முன்விளிம்பில் கூடுதலாக ஒரு பட்டை. அந்தப் பட்டை, மூக்கைத் தூக்கி மெதுவாகப் பறக்கும்போதும் காற்று இறக்கையை விட்டுப் பிரியாமல் பிடித்து வைக்கும். மெதுவாகப் பறக்க முடிந்தால் மெதுவாக இறங்கலாம். மெதுவாக இறங்கினால் சின்ன இடமே போதும்.

வேலை எவ்வளவு? எளிய கிட்டுக்கே ஆயிரம் மணி நேரம் ஆகலாம். வேலைக்குப் போய்க்கிட்டே வாரம் பத்து மணி நேரம் ஒதுக்கினால், நூறு வாரம். அதாவது ரெண்டு வருஷம். அதில் பெரும்பகுதி பறத்தலோடு சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும். ஒவ்வொரு துளையின் விளிம்பையும் பிசிறு இல்லாமல் வழிக்கணும். பிசிறு இருக்கிற இடத்தில்தான் பின்னாளில் விரிசல் பிறக்கும். பூட்டுக்காரங்களுக்கு இதைப் புதுசா சொல்லித் தரவே வேண்டாம்.

பெட்டியில் வருவதாலேயே ஆபத்து இல்லைன்னும் சொல்ல முடியாது. உலகின் பெரிய கிட் நிறுவனமான அமெரிக்காவின் வேன்ஸ் ஏர்கிராஃப்ட், லேசரில் துளை போட்ட பாகங்களில் விரிசல் பிரச்னை வந்து, 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பாதி கட்டிய விமானத்தோடு பலர் தவித்தார்கள். மறு வருஷம் நிறுவனம் மீண்டது, ஆனால் கிட் விலை ஏறிவிட்டது.

1910-ல் மெட்ராஸ் பறந்துடுச்சு

'இதெல்லாம் வெள்ளைக்கார நாட்டுச் சமாசாரம்'னு நினைக்கிறவங்களுக்கு ஒரு செய்தி. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-ல். ஏழே வருஷத்தில், 1910-ல், மெட்ராஸில் ஒரு விமானம் கட்டப்பட்டது. கட்ட வைத்தவர் மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஆஞ்சலிஸ். முந்தின வருஷம் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி அவரைப் பிடித்துக்கொண்டது. டிசைன் அவருடையது. கட்டிக் கொடுத்தது நம்ம ஊர் சிம்ப்சன் கம்பெனி. பறந்து பார்த்த இடம் பல்லாவரம்.

அதாவது ஒரு ஹோட்டல்காரரும் ஒரு வண்டிப் பட்டறையும் சேர்ந்து இந்த மண்ணில் விமானம் செய்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்று விதிகள் இல்லை. விதி இல்லாததால் உயிர்களும் போயின. உலகம் முழுக்க விமானச் சட்டங்கள் வந்ததே அந்த அனுபவத்தில்தான். எனவே 'விதியே வேண்டாம்'னு சொல்ல வரலை. எந்த மாதிரி விதி என்பதுதான் விஷயம்.

இரண்டு இந்தியர்கள், இரண்டு நாடுகள்

முதலாமவர் அசோக் தாமரக்ஷன். கேரளாவின் ஆலப்புழாவைச் சேர்ந்த மெக்கானிக்கல் இன்ஜினீயர், இங்கிலாந்தில் வசிப்பவர். லாக்டௌன் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் நிறுவனத்திடம் நான்கு இருக்கை கிட் வாங்கி, வீட்டிலேயே கட்ட ஆரம்பித்தார். சுமார் 18 மாதம். 2022 பிப்ரவரியில் முதல் பறப்பு. இளைய மகள் தியாவின் பெயரையே விமானத்துக்கு வைத்தார். பிறகு அதிலேயே ஐரோப்பிய நாடுகளுக்குப் போய் வந்தார். செலவு சுமார் 1.8 கோடி ரூபாய் என்று அப்போது செய்திகள் வந்தன.

இரண்டாமவர் அமோல் யாதவ். மும்பையைச் சேர்ந்த தொழில்முறை விமானி. 1998-ல் தொடங்கிய ஆசை. காந்திவலியில் வீட்டு மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானத்தைக் கட்டினார். 2016 'மேக் இன் இந்தியா' கண்காட்சிக்கு அதை கிரேன் வைத்து இறக்கினார்கள். பாராட்டு குவிந்தது, பதிவு கிடைக்கவில்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் நடுவில் மாறியிருந்தன. கடைசியில் மாநில முதல்வர், பிரதமர் வரை விஷயம் போய், 2017 நவம்பரில்தான் பதிவு வந்தது. சோதனைப் பறப்பு 2020-ல்.

ரெண்டு பேருக்கும் திறமையில் குறை இல்லை. அமோல் கட்டினது சொந்த டிசைன், அசோக் கட்டினது ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட கிட். அந்த வித்தியாசத்தையும் சேர்த்தே பார்க்கணும். ஆனாலும் பெரிய வித்தியாசம் வேற இடத்தில் இருக்கு. இங்கிலாந்தில் 'லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அவங்க இன்ஸ்பெக்டர் கட்டுகிறவரின் இடத்துக்கே வந்து, இறக்கையை மூடும் முன் உள்ளே பார்த்துக் கையெழுத்துப் போடுவார். தப்பு இருந்தால் அப்பவே தெரியும். அமோலுக்கு அப்படி ஒருவர் இல்லை. அவர் நேராக டெல்லியின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. முதல்வரும் பிரதமரும் தலையிட்டால்தான் ஒரு ஃபைல் நகரும் என்றால், தாடிக்கொம்புப் பையனுக்கு யார் தலையிடுவார்?

பறக்கிற ரீல்ஸ், பறிபோகிற உயிர்

நடுவில் ஆள் இல்லாதபோது என்ன ஆகும்? ஆசை அடங்காது, பாதை மாறும். பழைய பைக் எஞ்சின், வெல்டிங் மெஷின், யூடியூப்... அவ்வளவுதான் மூலதனம். வீடியோ வைரல் ஆனால் 'கிராமத்து விஞ்ஞானி' பட்டம். ஆகாத கதைகளும் உண்டு. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில், தானே செய்த ஹெலிகாப்டரைச் சோதித்துக்கொண்டிருந்த 24 வயது வெல்டர், உடைந்த இறக்கை தலையில் அடித்து இறந்துபோனார். 2019-ல் பாகிஸ்தானில் பாப்கார்ன் விற்ற ஒருவர் சொந்தமாக விமானம் செய்து ஓட்டியபோது, போலீஸ் அவரைக் கைது செய்தது. நீதிமன்றம் 3,000 ரூபாய் அபராதம் போட்டது.

ஒருவர் உயிரை விட்டார், ஒருவர் லாக்கப்புக்குப் போனார். ரெண்டு பேருக்குமே இல்லாமல் போனது, 'தம்பி, இந்த வெல்டு தாங்காது'ன்னு சொல்லத் தெரிந்த ஒரு பெரியவர்.

அப்படி ஒருவர் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கு, அதுவும் தமிழ்நாட்டிலேயே. இடுக்கி மாவட்டத்தின் சஜி தாமஸ், காது கேளாத, வாய் பேச இயலாத மெக்கானிக். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அவர் கட்டிய சிறு விமானம் 2014-ல் பறந்தது நம்ம திருநெல்வேலிப் பக்கம் மணிமுத்தாறில், ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவரின் துணையோடு. பிரித்விராஜ் நடித்த 'விமானம்' படத்துக்குத் தூண்டுதல் அவர் வாழ்க்கைதான்.

முறையாகக் கட்டினாலும் கவனம் குறையக் கூடாது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் வெளியிட்ட ஆய்வு, வீட்டில் கட்டிய விமானங்களில் எஞ்சின் கோளாறும் கட்டுப்பாட்டை இழப்பதுமே பெரிய காரணங்கள் என்றது. கட்டி முடித்த புதிதிலும், செகண்ட் ஹேண்டில் வாங்கின புதிதிலும்தான் ஆபத்து அதிகம். அதனால்தான் அங்கே முதல் 25 அல்லது 40 மணி நேரத்தை ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் சோதனையாகப் பறந்து முடிக்கச் சொல்கிறார்கள்.

நம்ம வெயில், நம்ம காத்து

ஒருவேளை அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தாடிக்கொம்பு வானம் அலாஸ்கா வானம் கிடையாது. சூடான காற்று மெலிந்தது. மெலிந்த காற்றில் இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினுக்கு மூச்சு குறையும். திண்டுக்கல் சமவெளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 270 மீட்டர். சித்திரை வெயில் 38 டிகிரி அடிக்கும் மத்தியானத்தில், விமானத்தைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட 1,150 மீட்டர் உயரத்தில் நிற்கிற மாதிரி. வீடியோவில் நூறு மீட்டரில் எழும்பினது இங்கே இன்னும் தூரம் ஓடும்.

அப்புறம் ஆடி. 'ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்'னா, அம்மியை விட லேசாகக் கட்டின இறக்கை என்ன ஆகும்? நம்ம ஊரில் இந்த விமானத்துக்கு விடியற்காலைதான் நேரம். குடகனாற்று மணலில் இறங்கலாமா என்றால் முடியாது. அனுமதி பெற்ற இடத்தில்தான் ஏறவும் இறங்கவும் முடியும். திண்டுக்கல் மாவட்டத்தில் விமான நிலையமே இல்லை. பக்கத்தில் இருப்பது மதுரை, அது பயணிகள் விமானங்களின் பாதை.

காசு? சின்ன ரெண்டு இருக்கை கிட், எஞ்சின், கருவிகள், கப்பல் செலவு, வரி எல்லாம் சேர்த்தால் அரைக் கோடியைத் தாண்டும். தனி ஆளுக்கு மலைப்பு. பத்துப் பேர் பங்கு போட்டால் ஆளுக்கு அஞ்சாறு லட்சம், ஒரு காரின் விலை. வெளிநாடுகளில் பலர் இப்படிக் கூட்டாகத்தான் விமானம் வைத்திருக்கிறார்கள்.

ட்ரோன் சொல்லித் தந்த பாடம்

விதியை மாற்றினால் என்ன நடக்கும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள், 25 படிவங்களை 5 ஆகவும், 72 வகைக் கட்டணங்களை 4 ஆகவும் குறைத்தன. வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வரைபடமே போட்டார்கள். இன்று வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனை ஓட்டுவது கிராமத்துப் பெண்களுக்கு ஒரு தொழில். அதற்கும் முன்பே, அஜித் ஆலோசகராக இருந்த எம்.ஐ.டி-யின் தக்‌ஷா குழு 2018-ல் ஆஸ்திரேலியப் போட்டியில் இரண்டாமிடம் வாங்கியது. திறமை முன்னாடியே இருந்தது. விதி பின்னாடிதான் வந்தது.

அமெரிக்காவும் இப்போ கதவை அகலத் திறக்கிறது. 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட 'மொசைக்' விதி, இலகு விமானங்களுக்கு இருந்த சுமார் 600 கிலோ எடை வரம்பை எடுத்துவிட்டு, எவ்வளவு மெதுவாகப் பறக்க முடியும் என்பதை அளவுகோலாக்கியது. இந்தியாவிலும் 1934-ம் ஆண்டுச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் 'பாரதிய வாயுயான் அதினியம்' அமலில் இருக்கிறது. விமான வடிவமைப்பும் அதன் வரம்புக்குள் வந்திருக்கிறது. சட்டம் புதுசு. அதன் கீழ் வீட்டில் கட்டுகிறவருக்கு எளிய வழி ஒன்று அமைந்தால்தான் அந்தப் புதுசுக்கு அர்த்தம்.

இதில் வேடிக்கை என்னன்னா, பெங்களூருவின் ராஜ் ஹம்ஸா நிறுவனம் எக்ஸ்-ஏர் என்கிற கிட் விமானத்தைத் தயாரித்து, அதை ஐரோப்பாவில் பலர் வாங்கி வீட்டிலேயே கட்டிப் பறந்திருக்கிறார்கள். திண்டுக்கல் வழியாகப் போகும் அதே 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில்தான் பெங்களூருவும் இருக்கிறது!

கேட்க வேண்டியது மூணுதான். மாவட்டங்களில் போய்ப் பார்க்கும் அதிகாரம் உள்ள இன்ஸ்பெக்டர்கள். சும்மா கிடக்கும் பழைய ஓடுதளங்களில் வார இறுதிக்காவது இடம். நிரூபிக்கப்பட்ட கிட்டுக்கும் சொந்த டிசைனுக்கும் தனித்தனி வழிமுறை. இதற்குக் கோடிகள் தேவையில்லை, முடிவெடுக்கிற மனசு போதும்.

அதுவரை நீங்க?

கல்லூரியில் இருந்தால் என்.சி.சி விமானப் பிரிவைப் பாருங்க. கேடட்கள் மைக்ரோலைட்டில் நிஜமாகவே பறக்கிறார்கள். விமானப்படை, கடற்படை, என்.சி.சி-க்காக ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரல் நிறுவனத்திடம் 194 சிறு விமானங்களுக்கு 2015-ல் ஒப்பந்தமே போட்டார்கள். இல்லையென்றால் ரிமோட் விமானத்தில் ஆரம்பிங்க. இறக்கை ஏன் தூக்குது, எப்போ கைவிடுது என்பதை சில ஆயிரம் ரூபாயில், உயிரைப் பணயம் வைக்காமல் கத்துக்கலாம். பக்கத்துப் பட்டறையில் போய் ரிவெட் அடிக்கவும், அரம் போடவும் பழகுங்க.

பழைய எஞ்சினை வெல்டு பண்ணி மேலே ஏறி உட்கார்ந்து ரீல்ஸ் எடுக்கிறதை மட்டும் செய்யாதீங்க. லைக் போடுகிற யாரும் கீழே நின்று பிடிக்கப் போவதில்லை.

பூட்டில் ஒரு நெம்பு சரியாக உட்காரவில்லை என்றால் திறக்காது, அவ்வளவுதான். விமானத்தில் ஒரு ரிவெட் சரியில்லை என்றால் அதைச் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருக்கணும். அந்த ஆளைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எப்போ அனுப்பப் போறீங்கன்னு அரசுகளைக் கேளுங்க. கட்டுறதுக்கு தாடிக்கொம்பு தயாராத்தான் இருக்கு.