'பி' எங்கே போனார்?

"கம்ப்யூட்டர்ல 'சி' டிரைவ் இருக்கு, 'டி' இருக்கு. 'ஏ'வும் 'பி'யும் எங்கே மாமா?" என்று கேட்டான் என் மச்சினன். காலேஜில் முதல் வருஷம். ஃப்ளாப்பியைக் கண்ணால் பார்த்ததில்லை.

சொன்னேன். 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.ஸி.யில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஃப்ளாப்பி டிரைவ்தான், காசுக்கேற்ப ஒன்றோ இரண்டோ. அவைதான் ஏ, பி. ஒன்றே ஒன்று இருந்தாலும் டாஸ் விடாது. அதே டிரைவை ஏ என்றும் பி என்றும் பாவித்துக்கொண்டு, 'பி-க்கான ஃப்ளாப்பியைப் போடு' என்று கேட்கும். கூத்தில் ஒரே ஆள் ராஜாவாகவும் சேவகனாகவும் வருகிற மாதிரி. 1983-ல் எக்ஸ்.டி. மாடலில் பத்து மெகாபைட் ஹார்ட் டிஸ்க் வந்தது. காலியாக இருந்த முதல் ஸீட் 'சி'. உட்கார்ந்தது, ஃப்ளாப்பிகள் போய்ச் சேர்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

லினக்ஸில் கதையே வேறு. முதலில் கண்ணில் பட்ட டிஸ்க் எஸ்.டி.ஏ., அடுத்தது எஸ்.டி.பி. இது பெயர் அல்ல ஸார், டாக்டர் வீட்டு டோக்கன். நேற்று நீங்கள் இரண்டாம் நம்பர் என்பதால் இன்றைக்கும் இரண்டாம் நம்பர் என்று நினைத்துவிடக் கூடாது. (க்ரப் என்று ஒரு புரோகிராம் டிஸ்க்குகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும், அதற்குள் இருக்கும் பார்ட்டிஷன்களை ஒன்றிலிருந்து எண்ணும். பி.காம். படித்தவன் நெஞ்சு பொறுக்குமா?)

இத்தனையும் தெரிந்த நான் என்ன செய்தேன்?

மச்சினனுக்காக லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றினேன். அன்று அது எஸ்.டி.பி. ஏதோ சரியில்லை, மறுநாள் காலை திரும்பப் பண்ணலாம் என்று உட்கார்ந்தேன். அதற்கு முன்பே 500 ஜி.பி. வெளி டிஸ்க்கைச் செருகியிருந்தேன். ஆகவே அதுதான் எஸ்.டி.பி. பென் டிரைவ் எஸ்.டி.சி. ஆகிவிட்டது. மேல் அம்பை அழுத்தினால் நேற்றைய கட்டளை வந்தது. என்ட்டர் தட்டினேன். 'டி.டி.' என்கிற அந்தக் கட்டளைக்கு 'நிச்சயமா?' என்று கேட்கிற பழக்கமெல்லாம் இல்லை. பென் டிரைவ் விளக்கு சும்மா இருந்தது. பக்கத்து விளக்கு சுறுசுறுப்பாகக் கண் சிமிட்டியது.

அந்த டிஸ்க்கில்தான் என் பெண் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை எடுத்த படங்கள். வேறு காப்பி கிடையாது.

'எல்.எஸ்.பி.எல்.கே.' என்று ஐந்து எழுத்து அடித்திருந்தால், எது 16 ஜி.பி., எது 500 என்று பக்கத்திலேயே காட்டியிருக்கும். டிஸ்க்கின் மாடலையும் சீரியல் நம்பரையும் சேர்த்துச் சொல்கிற நீளமான பெயரும் லினக்ஸில் உண்டு. எந்த வரிசையில் செருகினாலும் அது மாறாது. அடிக்கச் சோம்பல்.

முதல் இரண்டு ஜி.பி. அழிந்தது அழிந்ததுதான். காதுகுத்து வீடியோவைக் காணோம். மிச்சத்தை போட்டோரெக் என்ற இலவச புரோகிராம் ராத்திரி பூரா தோண்டி எடுத்தது. படம் வந்தது, பெயர் வரவில்லை. 'முதல் பிறந்த நாள்', 'ஊட்டி' என்று நான் வைத்த ஃபோல்டர்கள் போய், எல்லாம் எஃப் போட்டு நீளநீளமாக நம்பர்.

ஒரு வாரமாக மனைவி தினமும் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறாள். என்னோடு பேச்சில்லை. நேற்றுதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, இது நம்ம பாப்பாவா, உங்க தங்கச்சி பொண்ணா?"

எட்டிப் பார்த்தேன். வைத்தீஸ்வரன் கோயில். இரண்டுக்கும் அன்றைக்குத்தான் மொட்டை போட்டோம்.